சாயலும் சான்றும்: உடற்பண்பாட்டு ஆய்வுகள் மூன்று பற்றிய ஒரு நோக்கு

உடலைப் பற்றிய ஆராய்ச்சி மருத்துவ பீடத்துக்குரியது. உடற்பயிற்சி விளையாட்டு மைதானத்துக்குரியது. மனிதனின் சிந்தனையும் மொழியும் கலையுமே கலைப்பீடத்துக்குரியன என்னும் பாகுபாடு நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. பரீட்சை நெருங்கும்போது பாடசாலை நேரசூசியில் உடற்கல்விக்குரிய பாடவேளையே முதலிற் பறிபோவது இப்பாகுபாட்டின் அன்றாட வெளிப்பாடெனலாம். ஆயின், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எவ்வாறு நிற்கவும் நடக்கவும் குனியவும் பழக்குகின்றது என்பது, அச்சமுதாயத்தின் அதிகார உறவுகளையும் இலட்சியங்களையும் அச்சங்களையும் ஒருங்கே காட்டிநிற்பதாகும். இவ்வுண்மை உணரப்பட்டதன் பயனாகவே உடற்பண்பாடு, அதாவது ஒரு கொள்கையின் வழிநின்று உடலை வளர்க்கவும் காட்சிப்படுத்தவும் முயலும் இயக்கங்களின் தொகுதி, வரலாற்றாசிரியரதும் மானிடவியலாளரதும் ஆய்வுப் பொருளாயிற்று.

இத்துறைக்கு வித்திட்டோருள் பிரெஞ்சு அறிஞர் மார்ஸல் மோஸ் முக்கியமானவர். 'உடலின் நுட்பங்கள்' என்ற பொருளில் 1934ஆம் ஆண்டு அவர் ஆற்றிய உரையில் எளிய உதாரணமொன்று வருகின்றது. முதலாம் உலகப் போரின்போது ஆங்கிலப் படையினராற் பிரெஞ்சு மண்வெட்டியைக் கொண்டு பதுங்குகுழி வெட்ட இயலவில்லை. ஒரு படைப்பிரிவின் இடத்துக்கு மற்றொன்று வரும்போதெல்லாம் 8,000 மண்வெட்டிகளை மாற்றவேண்டியிருந்தது. மண் வெட்டுதல் போன்ற 'இயல்பான' செயலுங்கூடக் கற்றுக்கொள்ளப்பட்டதே, சமுதாயம் ஊட்டியதே என்பது இதனாற் பெறப்படும். ஆனால் இவ்வுதாரணம் ஒரு சிக்கலையும் உடன்கொண்டுவருகின்றது. உடலின் நுட்பம் உடலிலிருந்து உடலுக்குக் கைமாறுவது. கைமாறியபின் ஏட்டில் எதனையும் விட்டுச்செல்லாதது. எழுதப்பட்ட ஆவணங்களையே நம்பி வாழும் வரலாற்றாசிரியன் அதனை எவ்வாறு அறிவான்? இக்கேள்வியை அளவுகோலாகக் கொண்டு, தென்னாசிய உடற்பண்பாடு பற்றிய மூன்று ஆய்வுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, ஜோன் ரொசெல்லி 1980இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் உடற்கல்விக்கும் தேசியவாதத்துக்குமிடையே நிலவிய தொடர்பை அது ஆராய்கின்றது. வங்காளி வலுவற்றவன், பெண்மைச் சாயல் வாய்ந்தவன் என்று மெக்காலே முதலான பிரித்தானியர் எழுதிவைத்தனர். ஆங்கிலங் கற்ற வங்காள நடுத்தர வர்க்கத்தினர் அவ்வசையை மறுத்தொதுக்கவில்லை. தம்மைப் பற்றிய உண்மையென அதனை ஏற்றுக்கொண்டனர். பின்னர் அதிலிருந்து மீளும் வழியாகத் தேகப்பயிற்சியை நாடினர். 1867இல் தொடங்கிய இந்து மேளாவில் மல்யுத்தமும் பிற தேகப்பயிற்சிகளும் இடம்பெற்றமை இம்மனநிலையின் விளைவே. ஆளப்படுவோர் தம்மை ஆள்வோரின் கண்கொண்டு நோக்கும் அவலத்தைத் தெளிவாக உணர்த்துவதே இவ்வாய்வின் சிறப்பு. ஆயினும், கட்டுரையின் பொருள் கற்றோர் குழாத்தின் சுயபடிமமாதலின், அதன் மையத்தில் நிற்பது உடல் பற்றிய எழுத்தேயன்றி உடலன்று. எண்ணத்தின் வரலாற்றுக்கு எழுத்துப் போதும். பயிற்சியின் வரலாற்றுக்கு அது போதாது.

இரண்டாவதாக நோக்கத்தக்கது மார்க் சிங்கிள்ரன் 2010இல் வெளியிட்ட 'யோக உடல்: நவீன ஆசனப் பயிற்சியின் தோற்றங்கள்' என்ற பொருள்படும் தலைப்பினையுடைய ஆங்கில நூல். ஆய்வுலகுக்கு வெளியேயும் பெரும் வாதப் பிரதிவாதங்களை எழுப்பிய நூலாதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம்.

இன்று உலகெங்கும் யோகம் என்ற பெயரில் நிகழ்வது பெரும்பாலும் ஆசனப் பயிற்சியே. ஆனால் பழைய நூல்களில் ஆசனம் பெற்ற இடம் மிகச் சிறிது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையே விவரிக்கின்றது. தமிழிலே திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும்போதும், ஆசனம் என்பது அமர்ந்து தியானித்தற்கான இருக்கையாகவே பெரிதும் கருதப்படுகின்றது. 1896இல் வெளிவந்த விவேகானந்தரின் இராஜயோகம் ஹடயோகத்தின் உடற்பயிற்சிகளை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஆனால் 1966இல் பி. கே. எஸ். ஐயங்காரின் புகழ்பெற்ற ஆங்கில நூல் வெளிவந்தபோது அதில் ஏறத்தாழ 200 ஆசனங்கள் நிழற்படங்களுடன் இடம்பெற்றிருந்தன. இடைப்பட்ட 70 ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது? இதுவே சிங்கிள்ரன் எழுப்பும் வினா.

அவர் தரும் விடை உலகந் தழுவியது. 1811இல் பேர்லினுக்கருகே ஜான் என்பார் திறந்த பயிற்சிக்களம், 1813இல் ஸ்ரொக்ஹோமில் லிங் என்பார் நிறுவிய பயிற்சி நிலையம் ஆகியவற்றிலிருந்து புறப்பட்ட தேகப்பயிற்சி முறைகள், படைமுகாம்கள் வழியாகவும் பாடசாலைகள் வழியாகவும் குடியேற்ற நாடுகளை வந்தடைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயூஜின் சான்டோ தசைவளர்ச்சியைப் பெரும் வணிகமாகவும் காட்சியாகவும் ஆக்கினார். 1904-05 காலப்பகுதியில் இந்தியாவிலும் சுற்றுப்பயணஞ் செய்தார். வை. எம். சி. ஏ. இயக்கம் உடல், உள்ளம், ஆன்மா என்னும் முக்கோண இலட்சியத்தை முன்வைத்தது. ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி இவ்விலட்சியத்தை ஆசிரியப் பயிற்சியாக மாற்றியது. இதே காலத்தில் இந்தியத் தேசியவாதிகள் தமக்குரிய உடற்பயிற்சி முறையொன்றைத் தேடினர். குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களை விஞ்ஞானக் கருவிகளாற் சோதித்து, அம்முடிவுகளைச் சஞ்சிகையாக வெளியிட்டார். அவுந்து சமஸ்தான மன்னர் சூரிய நமஸ்காரத்தை மக்கட் பயிற்சியாகப் பரப்பினார். பெங்களூரில் கே. வி. ஐயர் தசைவளர்ச்சியையும் ஆசனத்தையும் ஒரே கூடத்திற் பயிற்றினார். மைசூரில் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ரி. கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனை யோகசாலையை நடத்தினார். பட்டாபி ஜோயிஸும் ஐயங்காரும் அங்கே அவரிடம் பயின்றவர்கள். பின்னாளில் மேனாடுகளிற் பரவிய ஆசன முறைகளுட் பல இவர்கள் வழி வந்தவை.

இத்தனை இழைகளை ஒருங்கிணைத்துக் காட்டியமையே சிங்கிள்ரனின் பெருஞ் சாதனை. யோகம் என்பது மாற்றமின்றி ஐயாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒன்று என்ற எளிய நம்பிக்கையை இந்நூலைப் படித்த எவரும் இனிப் பேணல் அரிது. அச்சு இயந்திரமும் நிழற்படமும் ஆசனத்தின் இயல்பையே மாற்றின என அவர் காட்டும் பகுதி மிகுந்த நுண்மையுடையது. குருவின் அருகிலிருந்து கற்கப்பட்டது, நூலைப் பார்த்துக் கற்கப்படுவதாயிற்று. உள்ளத்தை ஒடுக்கும் துணையாயிருந்தது, பிறர் கண்ணுக்குக் காட்டப்படும் உருவமாயிற்று.

எனினும் இந்நூலின் வாதம் எங்கும் ஒரே வலிமையுடையதன்று. டென்மார்க் நாட்டவரான நீல்ஸ் புக் என்பாரின் பயிற்சிமுறையும் மைசூர் ஆசனத் தொடரும் நிழற்படங்களில் ஒத்துக்காணப்படுவதை நூலாசிரியர் எடுத்துக்காட்டுகின்றார். ஒன்றிலிருந்து மற்றொன்று நேரே இரவல் பெறப்பட்டதெனத் தாம் கூறவில்லை என எச்சரிக்கவும் செய்கின்றார். ஆனால் நூலின் ஒழுங்கமைப்பு அவ்வெச்சரிக்கையை மீறி வாசகனை இரவற் கொள்கைக்கே இட்டுச்செல்கின்றது. மனித உடல் வளையக்கூடிய வகைகள் எண்ணிக்கையில் அடங்குபவை. கால்களை நீட்டி இருந்து முன்னே குனிபவன் கொப்பன்ஹேகனிலும் மைசூரிலும் ஒரே தோற்றத்தையே தருவான். சாயல் வினாவை எழுப்பும், விடையாகாது. யார் யாரிடங் கற்றார், எந்நூல் எவர் கையை அடைந்தது என்ற வழித்தடம் நிறுவப்படும்வரை சாயல் சான்றாகாது.

இங்கு சான்றின் இயல்பையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். நிழற்படம் பதிவுசெய்வது நிலையை, இயக்கத்தையன்று. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் வழி, மூச்சின் அளவு, தாமதிக்கும் நேரம், செய்பவனின் கருத்து ஆகியன நிழற்படத்திற் படிவதில்லை. ஆசனத்தை இருக்கை என்பதிலிருந்து பயிற்சி என்பதாக மாற்றியவை இவையாயிருக்க, இவற்றைக் காட்டவியலாத ஆவணத்தை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, தேகப்பயிற்சியோடு ஒத்த புறத்தோற்றத்தையே காணும். வேறெதனையும் அதனாற் காணவியலாது. கருவியின் எல்லை முடிவின் எல்லையாகிவிடுகின்றது.

இவ்வையம் வெறும் தர்க்கத்தின்பாற்பட்டதன்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சிங்கிள்ரனுக்கு முன்னரே, 1996இல், நோர்மன் ஜோமன் மைசூர் அரண்மனையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியச் சுவடியான ஸ்ரீதத்வநிதியிலிருந்து 122 ஆசனங்களை வெளியிட்டு, அவற்றுட் சில மல்லரின் பயிற்சிகளையும் கயிற்றுப் பயிற்சிகளையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். பின்னர் ஜேசன் பேர்ச் என்பாரும் சிங்கிள்ரனும் இணைந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, பதினெட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடாப்யாசபத்ததி என்ற சமஸ்கிருத நூலை விரிவாக ஆராய்ந்தது. அந்நூல் 112 ஆசனங்களை ஆறு தொகுதிகளாக வகுத்து விவரிக்கின்றது. மல்லாந்தும் குப்புறவும் நின்றும் செய்வன, கயிற்றில் ஏறிச் செய்வன எனப் பலவும் அதில் அடங்கும். அசைவும் தொடர்ச்சியும் வாய்ந்த பயிற்சிகள் மேனாட்டுத் தேகப்பயிற்சி பரவுமுன்னரே இங்கிருந்தன என்பதற்கு இது வலுவான சான்று. கிருஷ்ணமாச்சாரியார் மரபினர் தம் மூலநூலெனக் கூறும், எவரும் காணாத யோக குருண்டம் என்ற நூற்பெயருக்கும், ஹடாப்யாசபத்ததியின் ஆசிரியரான கபாலகுருண்டகர் என்ற பெயருக்குமுள்ள ஒப்புமையும் கவனத்தை ஈர்த்துள்ளது. இரண்டும் ஒன்றே என்பது நிறுவப்படவில்லை. தம் முந்தைய முடிவுகளைச் சிக்கலாக்கும் சான்றைத் தாமே இணைந்து வெளியிட்ட சிங்கிள்ரனின் புலமை நேர்மை பாராட்டுக்குரியது.

அவ்வாறாயின் அவருடைய 2010 நூல் வலுவிழந்துவிட்டதா? இல்லை. அதன் உண்மையான வலிமை, பலரும் மேற்கோள் காட்டும் சாயற் பகுதிகளிலன்றி, சூழலை விளக்கும் பகுதிகளில் உள்ளது. மைசூர் யோகசாலையில் பயின்றோர் பெரும்பாலும் அரச குடும்பத்தோடு தொடர்புடைய சிறுவர். உடல் வலுவும் துடிப்பும் மிக்கவர். வகுப்பு நேரம் வரையறுக்கப்பட்டது. பலர் ஒருங்கே செய்யவேண்டியிருந்தமையால் எண்ணிக்கை சொல்லிச் செய்விக்கும் முறை வசதியானது. மன்னரின் ஆதரவு தொடரவேண்டுமாயின் பொதுமக்கள் முன்னிலையில் வியக்கத்தக்க காட்சிகளை நடத்தவேண்டியிருந்தது. தாவியும் குதித்தும் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் விரைவான ஆசனத் தொடர் இச்சூழலின் தேவைகளுக்கு இயைந்த வடிவம். தனித்தனி ஆசனங்கள் எங்கிருந்து வந்திருப்பினும், அவை அவ்வாறு கோக்கப்பட்டமைக்குக் காரணம் இங்கேயே உள்ளது.

இதற்கு உரைகல் ஒன்றுண்டு. அரசர் ஆதரவுக் காலம் மறைந்தபின், 1950களிற் கிருஷ்ணமாச்சாரியார் சென்னையிற் குடியேறினார். அங்கு அவரை நாடி வந்தோருள் நோயாளரும் முதியோரும் இருந்தனர். அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பத் தனித்தனியே அமைத்துக்கொடுக்கும் மென்மையான முறையே அவரது பிற்காலக் கற்பித்தலாக அறியப்படுகின்றது. ஒரே ஆசிரியர், அவர் கற்ற நூல்கள் மாறவில்லை, சூழல் மாறியது, வடிவம் மாறியது. எங்கிருந்து வந்தது என்ற வினாவை விட, யாருக்காக, எவர் செலவில், எத்தேவைக்காக என்ற வினா கூடுதலாக விளக்கவல்லது என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

மூன்றாவது ஆய்வான ஜோசப் ஓல்ரரின் 'மல்லனின் உடல்' 1992இல் வெளிவந்தது. காலத்தால் முந்தியதாயினும், சிங்கிள்ரனின் முறையிற் காணப்படும் குறையை உணர்ந்தபின் இதனை நோக்குவது பயன்தரும். ஓல்ரர் காசியின் அகாடாக்களில், அதாவது மல்லர் பயிற்சிக்களங்களில், களவாய்வு நிகழ்த்தினார். விடியற்காலையிற் களத்து மண்ணைக் கொத்திப் பண்படுத்தல், தண்டால், பஸ்கி, எண்ணெய் தேய்த்தல், பால், நெய், பாதாம் அடங்கிய உணவு, பிரமசரியம், குருவுக்குச் செய்யும் தொண்டு என அன்றாட ஒழுக்கம் முழுவதையும் அவர் விவரிக்கின்றார். மல்லனுக்குப் பயிற்சி வேறு, வாழ்வு வேறு அன்று. அவனது உடலே அவனது அறநூல் என்பது அவர் காட்டும் உண்மை. மோஸ் விட்டுச்சென்ற சிக்கலுக்கு ஒரு விடை இதிற் கிடைக்கின்றது. ஏட்டிலில்லாததை உடலிலேயே தேடலாம். பயில்பவனின் அருகிலிருந்து அறியலாம்.

ஆனால் இம்முறைக்கும் விலையுண்டு. களத்தில் நிற்பவன் காண்பது நிகழ்காலம். மல்லர் தம்மைப் பற்றிச் சொல்லும் இலட்சியக் கூற்றுகள் நூலிற் பெரும் இடம்பெறுவதால், அகாடா காலங்கடந்த ஓர் ஆசிரமம் போன்று சில இடங்களில் தோற்றமளிக்கின்றது. சாதியும் பொருள்நிலையும் புரவலரின் தயவும் ஓல்ரரின் கண்ணுக்குத் தப்பியவையல்ல. எனினும் இலட்சியத்தின் ஒளியில் அவை மங்கிவிடுகின்றன. நாள்தோறும் பாலும் நெய்யும் பாதாமும் உண்ண எத்தனை தொழிலாளரின் வருவாய் இடங்கொடுக்கும் என்ற எளிய கணக்கு, உடலின் அறநூலைப் படிக்க எவருக்கு வாய்ப்புண்டு என்பதையும் காட்டிவிடும். சிங்கிள்ரனிடம் வரலாறு உண்டு, உடலின் அகம் குறைவு. ஓல்ரரிடம் உடலின் அகம் உண்டு, வரலாறு குறைவு. ஒருவரின் குறையை மற்றவர் நிறைவுசெய்கின்றார் என்பதே இவ்விரு நூல்களையும் ஒருங்கு படிப்பதன் பயன்.

இவ்விவாதம் ஆய்வாளர் சிலரின் அறைக்குள் அடங்குவதன்று. 2014 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை யூன் 21ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனஞ் செய்தது. 2016இல் யுனெஸ்கோ யோகத்தை மானிடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அரசுகளும் வணிகமும் உடற்பயிற்சிக்கு உரிமை கோரும் காலத்தில், 'எல்லாம் எங்கள் முன்னோர் வகுத்தது' என்ற பெருமிதமும், 'எல்லாம் மேனாட்டிலிருந்து வந்தது' என்ற ஏளனமும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். பயிற்சியை ஒரு பொருளாகவும் அதன் தோற்றத்தை ஓர் உறுதிப்பத்திரமாகவும் இரு சாராருமே கருதுகின்றனர். பயின்ற மனிதர், பயிற்றிய மனிதர், அவர்களைத் தாங்கிய பொருளாதாரம் ஆகியன இருவர் கண்ணிலும் படுவதில்லை. சிங்கிள்ரனின் நூல் இரண்டாஞ் சாராரின் ஆயுதமாகவும் முதற் சாராரின் இலக்காகவும் ஆக்கப்பட்டமைக்கு, அதன் சாயல் வாதம் சூழல் வாதத்தை மறைத்து நின்றமை ஒரு காரணமாகும்.

தமிழ் மாணவருக்கு இவ்வாய்வுகள் விடுக்கும் அழைப்பொன்றுண்டு. 1934இல் கன்னடத்தில் வெளிவந்த கிருஷ்ணமாச்சாரியாரின் யோக மகரந்தம் 1938இல் தமிழில் வெளிவந்தது. பிற்காலத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பொன்று தமிழ்ப் பதிப்பிலிருந்தே செய்யப்பட்டது. உலகு முழுவதும் ஆராயப்படும் நூலொன்று ஆங்கிலத்தை அடைந்த வழிகளுள் ஒன்று தமிழாயிருக்க, அத்தமிழ்ப் பதிப்பை வாங்கியோர், அதனைப் பார்த்துப் பயின்றோர், அதன் சொற்களைத் தெரிவுசெய்தோர் பற்றிய ஆய்வுக்கு இடம் பெரிதும் உண்டு. சென்னை உடற்கல்விக் கல்லூரியின் வழிவந்த தேகப்பயிற்சி முறை தமிழ்ப் பாடசாலை மைதானங்களை அடைந்தபோது, அங்கு ஏற்கெனவே இருந்த சிலம்பமும் சடுகுடுவும் கிளித்தட்டும் எவ்விடத்தைப் பெற்றன, எவை விளையாட்டென ஏற்கப்பட்டன, எவை தெருவோடு விடப்பட்டன என்பதும் அத்தகையதொரு பொருளே.

இவற்றை ஆராய முற்படுவோர் மேலே கண்ட மூன்று ஆய்வுகளிலிருந்தும் முறைபற்றிய படிப்பினைகளைப் பெறலாம். ரொசெல்லியிடமிருந்து, உடல் பற்றிய எண்ணத்தை வர்க்க நிலையோடு பொருத்திப் பார்க்கும் பார்வை. சிங்கிள்ரனிடமிருந்து, நாடுகடந்த தொடர்புகளைத் தேடும் துணிவும் புதிய சான்றுக்கு முடிவை விட்டுக்கொடுக்கும் நேர்மையும். ஓல்ரரிடமிருந்து, பயில்பவனின் அருகில் நின்று கற்கும் பொறுமை. நூலகத்தில் உள்ளதோடு நின்றுவிடாது, மைதானத்திலும் களரியிலும் இன்னும் உயிரோடிருக்கும் முதிய ஆசான்களையும் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வே இத்துறையை முன்னெடுத்துச் செல்லும். ஏடுகள் செல்லரித்தாலும் படியெடுத்திருக்கக்கூடும். ஓர் ஆசானின் உடலோடு மறையும் நுட்பத்துக்குப் படியில்லை.